நாற்பது மேசை விருந்தை நிறுத்தக் கோரி சம்பந்திக்கு

கீலுங்
புதன்கிழமை, மழை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி சியூ அவர்களின் சமூகத்துக்கு, கீலுங்கிலிருந்து ஃபான் யுங்மாவ் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே மழைக்குக் குறைவில்லை. அங்கே ஹெங்ச்சுனில் காற்றுக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். தாங்களும், தங்கள் வீட்டு அம்மாவும், வயலில் நிற்கும் வெங்காயமும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டு முன்னோர் மேடையில் ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன்.

முதலில் நன்றி. தாங்கள் அனுப்பிய நிச்சயதார்த்தக் கேக் பெட்டிகளும் வெங்காய மூட்டைகளும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்திரமாக வந்து சேர்ந்தன. தங்கள் தம்பி மகன் தீவின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிவரை குட்டி லாரியை ஓட்டி வந்த களைப்பையும் பாராமல், சந்து முனையில் இறங்கியதும் முறைப்படி பட்டாசுச் சரம் கொளுத்தினார். கீலுங் மழையில் அது ஒரு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது. அவர் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்திருக்கிறது என்று வாயாலேயே அறிவித்துவிட்டார். எங்கள் சந்து மிகவும் குறுகல். ஒரு வீட்டில் மீன் வறுத்தால் ஆறு வீட்டில் அந்த வாசனைக்கே சோறு இறங்கும். அதனால் அறிவிப்பு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

கதவைத் திறந்தது என் மகள் பெய்ஷான் இல்லை. ரூலிங் என்ற பெண். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஷிப்ட் முடித்துச் சீருடையோடு நின்றவளிடம், தங்கள் தம்பி மகன் மிக மரியாதையாக, "கல்யாணப் பொண்ணு நீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல தம்பி. போன மாசம் வரைக்கும் நான் கல்யாணப் பொண்ணோட பொண்டாட்டி" என்றாளாம் அவள்.

வடக்கே இப்படியும் ஒரு முறை இருக்கும்போல என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சம்பந்தி அவர்களே, அவள் கேலி செய்யவில்லை. சொன்னது உண்மை. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். விளக்கிய பிறகு தங்களிடம் இரண்டு காரியம் கேட்கப்போகிறேன். வயதானவர்கள் கடிதத்தைக் கடைசிவரை படிப்பதற்குள் கண் கட்டிவிடும் என்பதால் அவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, இந்த மாதக் கடைசி ஞாயிறன்று தாங்கள் கோயில் வீதியை அடைத்துப் போடுவதாக இருக்கும் நாற்பது மேசை விருந்தைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். இரண்டு, தங்கள் மகன் ஜென்ஹாவ் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கீலுங் வந்து ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கையெழுத்து போட வேண்டும். முதலாவது நடந்தால்தான் இரண்டாவது நடக்கும். எப்படி என்பது போகப்போகத் தெரியும்.

இதை நேற்று போனிலேயே சொல்லத்தான் கூப்பிட்டேன். தாங்கள் எடுத்த எடுப்பில் "சம்பந்தி" என்று ஒரு கத்துக் கத்தினீர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வெங்காயம் இந்த வருடம் என்ன விலை போகிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வெங்காய விலையில் அப்படியொன்றும் அக்கறை கிடையாது என்பதைத் தாங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்தது இந்த ஊர்க் குடும்பப் பதிவு அலுவலகத்தில். பிறப்பு, இறப்பு, கல்யாணம், விவாகரத்து, வீடு மாறுதல் எல்லாம் என் கையால் முத்திரை விழுந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. ஒரு ஆள் எதிரே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் பதிவில் இல்லாவிட்டால் அவர் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்தது. அப்படிப்பட்ட ஆளின் வீட்டில்தான் இந்தக் கூத்து நடந்திருக்கிறது என்பதைத் தாங்கள் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

பெய்ஷான் துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்க்கிறாள். முப்பத்தைந்து வயதில், பிற்பாடு உதவும் என்று தன் கருமுட்டைகளை ஆஸ்பத்திரியில் உறைய வைத்தாள். அப்போது யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, சமையல் தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. இவளும் ரூலிங்கும் போய்ப் பதிந்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து போட என்னைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்கு மூட்டு வலி. மூன்று மாதம் முன்பே தேதி தெரிந்துவிட்ட மூட்டு வலி. அதனால் போகவில்லை. பிறகு இருவரும் ஈரச் சுவர் வீடுகளில் வாடகைக்கு அலைவதைப் பார்த்துப் பொறுக்காமல் என் வீட்டம்மா எங்கள் மாடியை ஒழித்துக் கொடுத்துவிட்டாள். ரூலிங் மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்பாள். நான் இன்னும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். நானும் தலையசைப்பேன். இப்படி நாகரிகமாகக் காலம் ஓடியது.

போன வருடம் இருவரும் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, முட்டையை எடுத்துத் தாருங்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கேதான் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றது. உறைய வைப்பதற்கு ஒரு பெண் போதுமாம், உருக வைப்பதற்குப் புருஷன் வேண்டுமாம். பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்யலாம் என்பது ஒரு சட்டம். டாக்டர் உதவியோடு பிள்ளை பெற வேண்டுமானால் ஆணும் பெண்ணுமாகத்தான் தம்பதி வர வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இரண்டும் ஒரே கட்டடத்தில் பிறந்தவைதான். ஆனால் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. திருத்தப்போகிறார்கள், கமிட்டி உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். கமிட்டி எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்காரலாம், அதற்கு வயது ஏறாது. என் மகளுக்கு நாற்பத்தொன்று.

வெளிநாட்டுக்குப் போய்ச் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பேருந்து ஓட்டுநர் சம்பளமும் சுங்கக் குமாஸ்தா சம்பளமும் விமான நிலையம்வரைதான் போகும். ஆகவே இருவரும் மாடியில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். பெய்ஷான் ரூலிங்கை விவாகரத்து செய்வது. நம்பிக்கையான ஒரு ஆண் சிநேகிதனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்வது. அவன் உதவியோடு ஆஸ்பத்திரியில் கரு உண்டாக்கி வயிற்றில் வைப்பது. குழந்தை பிறந்ததும் அவனை விவாகரத்து செய்துவிட்டு மறுபடி ரூலிங்கைக் கட்டிக்கொண்டு, ரூலிங் அந்தக் குழந்தையைத் தத்தெடுப்பது. ஒரு பிள்ளைக்கு இரண்டு விவாகரத்து, இரண்டு கல்யாணம், ஒரு தத்து. நான் வேலையில் இருந்தபோது இவ்வளவு முத்திரை குத்த ஒரு முழு வம்சம் தேவைப்படும். அந்த நம்பிக்கையான சிநேகிதன்தான் தங்கள் புதல்வன் ஜென்ஹாவ். கல்லூரி நாளிலிருந்து பெய்ஷானுக்குக் கூடப் பிறக்காத தம்பி மாதிரி. அவன் இத்தனை வயதுவரை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தாங்கள் என்னைக் கேட்கக் கூடாது. அது அவன் சொல்ல வேண்டியது. அவனுடைய சிநேகிதர் ஷுவெய் என்ற பள்ளிக்கூட ஆசிரியரைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

என் வீட்டம்மா உடனே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளை வரம் தரும் தேவி சன்னிதியில் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் தெளிவாகச் சொல்லி, இந்தக் கல்யாணம் சரியா என்று கேட்டு, உத்தரவு பார்க்கும் இரண்டு பிறைக்கட்டைகளை உருட்டியிருக்கிறாள். இரண்டும் மல்லாந்து விழுந்ததாம். தேவி சிரிக்கிறாள் என்று அர்த்தம். மறுபடி உருட்டினாள், மறுபடி சிரிப்பு. மூன்றாம் முறையும் சிரிப்பு. கடைசியில் கல்யாணத்தை விட்டுத்தள்ளு, பிள்ளை உண்டா என்று கேட்டாளாம். உடனே ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தது. ஆகட்டும் என்று உத்தரவு. தேவி கல்யாணச் சான்றிதழ் கேட்கவில்லை என்பதை அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள், ஏதோ நான்தான் அந்தச் சட்டத்தை எழுதியவன் மாதிரி. அங்கிருந்து நேரே ஜோசியரிடம் போய், விவாகரத்துக்கு நல்ல நாள் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறாள். அவர் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு, இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை அம்மா, பொதுவாகக் கெட்ட நாளில்தான் செய்வார்கள் என்றாராம்.

விவாகரத்துக்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். மறுபடி என்னிடம் வந்தார்கள். காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில், சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள் என் மகள்.

"அப்பா, சும்மா ஒரு பேப்பர்தானே. போட்டுடுங்க."

சும்மா ஒரு பேப்பர். என் ஆயுசில் பாதி அந்தச் சும்மா பேப்பரில்தான் போயிற்று. நான் பேனாவை எடுத்தேன். ஆனால் சாட்சி என்றால் பேனா ஓடுவதைப் பார்த்தவன் என்று அர்த்தமில்லை. இரண்டு பேருக்கும் உண்மையிலேயே பிரிய விருப்பம் என்று நேரில் அறிந்தவன் என்று அர்த்தம். இதை எத்தனையோ ஜோடிகளுக்குக் கவுண்டரில் நின்று விளக்கிச் சொன்னவன் நான். ஆகவே முறைப்படி கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் நெஜமாவே பிரியணும்னு நெனைக்கிறீங்களா?"

"இல்லப்பா" என்றாள் பெய்ஷான்.

"இல்ல மாமா" என்றாள் ரூலிங்.

அவள் என்னைச் சார் என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. அதை அவளும் கவனிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நான் பேனாவை மூடிவிட்டேன். பிரிய விருப்பமில்லாத இருவரைப் பிரிய விருப்பமுள்ளவர்கள் என்று எழுதி அதன் கீழே என் பெயரை எப்படிப் போடுவது? கல்யாணத்துக்கும் கையெழுத்து போடவில்லை, விவாகரத்துக்கும் போடவில்லை. எதற்குமே உதவாதவர் என்று என் வீட்டம்மா சூப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். சந்து முனை மீன் உருண்டைக் கடைக்காரரும் அவர் சம்சாரமும் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது வியாபாரம் ஓடும் நேரம், படித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது, சம்பந்தி. இவர்கள் சேர்ந்தபோது எனக்கு வராத அழுகை பிரிந்தபோது வந்துவிட்டது. மூட்டு வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு நிஜமாகவே மூட்டு வலிக்கவும் செய்தது.

காலையில் விவாகரத்து, மதியம் கல்யாணம். இரண்டும் என் பழைய அலுவலகத்திலேயே, இரண்டும் ஒரே ஜன்னலில். என்னிடம் வேலை பழகியவன்தான் அங்கே உட்கார்ந்திருந்தான். காலையில் பெய்ஷானைப் பார்த்து, அக்கா, மனசைத் தேற்றிக்கோங்க என்றானாம். மதியம் அவளையே பார்த்து, அக்கா, ரொம்பச் சீக்கிரம் தேறிட்டீங்க என்றானாம். கல்யாணத்துக்குச் சாட்சி யார் என்றால், ஒரு பக்கம் ரூலிங், இன்னொரு பக்கம் நான் மேலே சொன்ன, எனக்கு ஒன்றும் தெரியாத, அந்த ஷுவெய் ஆசிரியர். உலகத்தில் வேறெந்த மாப்பிள்ளை பெண்ணுக்கும் இவ்வளவு உண்மையான சாட்சிகள் அமைந்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. அங்கேயும் சும்மா போக முடியாது. தம்பதிக்குப் பிள்ளைப்பேறு இயல்பாக அமையவில்லை என்று டாக்டர் எழுத வேண்டும். எவ்வளவு காலமாக முயற்சி செய்கிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். ஜென்ஹாவ் பொய் சொல்லத் தெரியாதவன், தங்கள் வளர்ப்பு அப்படி. நாங்கள் முயற்சி செய்ததே இல்லை டாக்டர் என்று சொல்லிவிட்டான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்றுவரை உண்டாகவில்லை, அவ்வளவுதானே என்றாராம். அது சத்தியமான வார்த்தை என்பதால் இருவரும் தலையாட்டினார்கள். மனைவியின் வயதைக் காரணமாக எழுதிக்கொண்டு அந்த அம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கலாம்.

முட்டைகளை உருக்கினார்கள். எல்லாம் தேறவில்லை. தேறியவற்றில் கரு ஆனவை சில. அவற்றில் நல்லது என்று டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று. சம்பந்தி, கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். இருப்பது ஒன்று. அதை வெள்ளிக்கிழமை காலை வயிற்றில் வைக்கப்போகிறார்கள். அதற்காக என் மகள் தினமும் தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொண்டு, நீலம் பாரித்த இடத்தை அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு திரிகிறாள். வைப்பதற்கு முன்னால் கணவன் நேரில் வந்து சம்மதக் கையெழுத்து போட வேண்டும். கணவன் வராவிட்டால் கரு பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கல்யாணம் முறிந்தால் அதை அழித்துவிட வேண்டும் என்றும் சட்டம். அடுத்த சுற்றுக்கு அவள் உடம்பு ஒத்துழைக்கும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில்தான் தாங்கள் நுழைந்தீர்கள். ஜென்ஹாவ் வேலை பார்ப்பது இங்கே என்றாலும் அவன் பெயர் இன்னும் ஹெங்ச்சுனில் தங்கள் குடும்பப் பதிவில்தான் இருக்கிறது. அதை முதலில் இங்கே மாற்றிக்கொள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் மாமா என்றான். தாங்கள் போய்ப் பார்த்தீர்கள். விவசாயிகள் மானியத்துக்குக் குடும்பப் பதிவின் நகல் வாங்கப்போன இடத்தில், மகனின் பெயருக்குப் பக்கத்தில் மனைவி ஃபான் பெய்ஷான் என்று இருந்ததைப் பார்த்தீர்கள். வேறொரு அப்பாவாக இருந்தால் மகனை அழைத்துத் திட்டியிருப்பார். தாங்கள் பெரிய மனிதர். சொல்லாமல் கட்டிக்கொண்டாலும் பெண் வீட்டுக்குச் செய்ய வேண்டிய முறையைச் செய்தாக வேண்டும் என்று கேக்கை வாங்கி லாரியில் ஏற்றிவிட்டீர்கள். சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள். மேடையாக விரியும் லாரியும் பாட்டுக்காரியும் பேசியாகிவிட்டது என்று கேள்வி. பிறகுதான் மகனுக்கு போன் போட்டு, உன்னை மன்னித்துவிட்டேன், விருந்துக்கு வந்து சேர் என்றீர்கள்.

தாங்கள் திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். மன்னித்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நாற்பது மேசை ஊர்க்காரர்கள் முன்னால் அப்பாவுக்குப் பொய்யாக மாப்பிள்ளை வேஷம் போட மாட்டேன், உண்மையைச் சொல்லி அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாது என்று பெய்ஷானுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு போனை அணைத்துவிட்டான். பெங்ஹூ தீவுக்குக் கப்பல் ஏறிவிட்டதாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேக் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு என் மகள் அந்த எண்ணை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். ரூலிங் பசியோடு ஒரு கேக்கைப் பிட்டு வாயில் போடப்போனாள். கல்யாணப் பெண் தன் நிச்சயதார்த்தக் கேக்கைத் தானே சாப்பிட்டால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது தங்களுக்குத் தெரியும். என் வீட்டம்மா அவள் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். நான் கல்யாணப் பெண் இல்லையே அத்தை என்றாள் ரூலிங்.

"நீயும்தான்டி. கீழ வை" என்றாள் என் வீட்டம்மா.

இதுதான் நிலைமை, சம்பந்தி. தங்களை ஏமாற்ற வேண்டும் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. தங்கள் மகன் நல்லவன். ஒரு சிநேகிதிக்காகத் தன் பெயரைக் கொடுத்தான். தன் உடம்பிலிருந்து கொடுக்க வேண்டியதையும் கொடுத்தான். அவனுக்குப் பயம் போலீஸிடம் இல்லை, சட்டத்திடம் இல்லை, தங்களிடம்தான். ஊரார் முன்னால் தங்களுக்கு வரும் தலைகுனிவுக்கு நான் பொறுப்பு. பெண் வீட்டாருக்குத் தொற்று நோய் என்று சொல்லுங்கள், பெண்ணின் அப்பா பைத்தியம் என்று சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். விருந்தை நிறுத்திவிட்டேன், உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று அவனுக்கு எப்படியாவது ஒரு வார்த்தை எட்டச் செய்யுங்கள். அவன் வெள்ளிக்கிழமை காலைக்குள் கப்பல் ஏறி வந்துவிடுவான். சட்டத்துக்கு முன்னால் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. கெஞ்சுகிறவர்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். இப்போது நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. காற்று தணிந்து, வெங்காயம் திரண்டு, சந்தையில் நல்ல விலை போகட்டும். அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

தங்கள் உறவை விரும்பும், ஆனால் உரிமை கொண்டாடத் தைரியமில்லாத,
ஃபான் யுங்மாவ்

பின்குறிப்பு (சனிக்கிழமை): மேலே எழுதியது அனைத்தும் ரத்து. எழுதிய காகிதத்தைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். திருத்தம் மட்டும் கீழே.

புதன்கிழமை இதை ஒட்டித் தபாலுக்குப் புறப்பட்டவனை என் வீட்டம்மா மழையைச் சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டாள். வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தால் ஜென்ஹாவ் நனைந்துகொண்டு நிற்கிறான். பின்னால் குடை பிடித்தபடி ஷுவெய் ஆசிரியர். அப்போதுதான் தெரிந்தது, திங்கட்கிழமையே தங்கள் தம்பி மகன் ஊர் திரும்பி ரூலிங் சொன்னதைத் தங்களிடம் சொல்ல, தாங்கள் உடனே என் வீட்டம்மாவைக் கூப்பிட, அவள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தங்களிடம் ஒப்பித்துவிட்டாள் என்று. அப்படியானால் செவ்வாய்க்கிழமை நான் வெங்காய விலை விசாரித்தபோது தங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், ரகம் ரகமாகப் பிரித்து அரை மணி நேரம் எனக்கு விலை சொன்னீர்கள். இதை நான் மறக்க மாட்டேன். மூன்று நாளாக நான் வார்த்தை தேடித் தவித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாயே என்று வீட்டம்மாவைக் கேட்டேன். நீங்க அவ்வளவு ஆசையா எழுதிட்டிருந்தீங்க என்கிறாள்.

மகன் போனை அணைத்தால் என்ன, எந்த எண்ணில் அடித்தால் அவன் எடுப்பான் என்று தாங்கள் அறிந்து, நேரே ஷுவெய் ஆசிரியருக்கு அடித்திருக்கிறீர்கள். தாங்கள் சொன்னதை ஜென்ஹாவ் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்படியே திருப்பிச் சொன்னான். பாதியில் குரல் உடைந்துவிட்டது, மீதியை ஆசிரியர்தான் சொன்னார்.

"பத்து வருஷமா ஒவ்வொரு அறுவடைக்கும் அந்த வாத்தியார் வந்து முதுகு ஒடிய வெங்காயம் புடுங்கினாரே. வெங்காயத்து மேல ஆசைப்பட்டு வர்றாருன்னா நான் நெனச்சேன்? அந்தப் பொண்ணு ஊசி குத்திக்கிட்டுக் காத்திருக்கா. போய்க் கையெழுத்து போடுடா. விருந்தப் பத்தி உனக்கென்ன? ஊர்ல எல்லார் வீட்டு விருந்துலயும் நான் சாப்பிட்டாச்சு. என் வீட்டு விருந்துல ஊர் சாப்பிட வேணாமா?"

நேற்று காலை கையெழுத்து ஆயிற்று. கணவர் மட்டும் உள்ளே வரலாம் என்று நர்ஸ் கூப்பிட்டதும் ஜென்ஹாவ் எழுந்து, ரூலிங்கை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். நர்ஸ் காகிதத்தைப் பார்த்தார், பேருந்துச் சீருடையைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். நான் அரசாங்க ஊழியனாக இருந்தவன். அது விதிமீறல் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த நர்ஸைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

ஆகவே விருந்தை நிறுத்த வேண்டாம். எங்கள் சந்தே ஒரு பேருந்து பிடித்து வருகிறது, ஓட்டுவது என் மருமகள். மேடையில் எத்தனை நாற்காலி போடுவது என்று ஜென்ஹாவிடம் கேட்டு அனுப்பியிருந்தீர்களாம். நான்கு போடுங்கள். பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலிக்கும் இடம் விட்டுவையுங்கள். அது தேவைப்படுமா என்று இரண்டு வாரத்தில் தெரியும் என்கிறார் டாக்டர்.